கேமரா எக்ஸ்போ, போட்டோ பெஸ்டிவல் ரெண்டும் ஒரே வாரத்துல: எதை எப்போ பாக்கலாம்?

பெரம்பூர் ரயிலடி:

எல்லாருக்கும் வணக்கம். நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல கேமரா எக்ஸ்போ வருது, அதே வாரம் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமில போட்டோ பெஸ்டிவல் கண்காட்சியும் ஓடிட்டிருக்கு. எனக்கு சனி ஞாயிறு மட்டும்தான் லீவு, அதுலயும் ஞாயித்துக்கிழமை வீட்டுல வேலை இருக்கும், அதனால சனிக்கிழமை காலைல எக்ஸ்போ முடிச்சிட்டு சாயங்காலம் அப்படியே கண்காட்சிக்குப் போயிடலாம்னு பாக்கிறேன், சரியா வருமா?

என்கிட்ட நிக்கான் டி750, கூட 50 எம்எம் 1.8, 80-200 எஃப் 2.8, ரெண்டு லென்ஸுமே பழைய ஏஎஃப்-டி. சொந்தக்காரங்க கல்யாணம், தேர், தெப்பம், அறுபத்து மூவர் இதெல்லாம் எடுப்பேன். இப்ப நிக்கான் இசட் 6 மாதிரி ஒரு மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத புது வகை) கேமரா பாடிக்கு மாறலாம்னு ஆசை, அடாப்டர் போட்டா பழைய லென்ஸ் எல்லாம் அப்படியே ஓடும்னு சொல்றாங்க. எக்ஸ்போல வாங்கினா விலை குறையுமா? இன்னொண்ணு, அக்கா பொண்ணு பிளஸ் டூ முடிக்கப் போறா, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா, அவளையும் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன், அவளுக்கு எது உபயோகமா இருக்கும்?

மயிலை மாடவீதி:

ரெண்டையும் ஒரே நாள்ல வச்சுக்காதீங்க அண்ணா. எக்ஸ்போ ஹால்ல நாலு மணி நேரம் ஸ்பீக்கர் சத்தத்துல நின்னுட்டு வந்தா சாயங்காலம் கண்ணுல எதுவும் ஏறாது, சுவத்துல எவ்வளவு நல்ல படம் இருந்தாலும் கடந்து போயிட்டே இருப்பீங்க. சனிக்கிழமை கண்காட்சி, ஞாயிறு காலைல கதவு திறக்கறப்பவே எக்ஸ்போ, மதியத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம். கண்காட்சியை முதல்ல பாக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அங்க பெரிய பிரிண்ட் பக்கத்துல போய் நின்னு பாருங்க, உங்க டி750 24 மெகாபிக்சல், 300 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) போட்டாலே 20 இன்ச்சுக்கு 13 இன்ச் பிரிண்ட் வரும், சுவத்துல மாட்டுற படத்தை நாலு அடி தள்ளி நின்னு பாக்கிறதால அதை விடப் பெருசாவும் தாராளமா போடலாம். இதை நேர்ல பாத்துட்டு எக்ஸ்போவுக்குப் போனா, 45 மெகாபிக்சல்னு ஸ்டால்ல சொல்றப்போ அது நமக்கு வேணுமா வேணாமான்னு உங்களுக்கே தெரியும்.

அடாப்டர் விஷயத்துல கவனமா இருங்க. நிக்கானோட எஃப்டிஇசட் அடாப்டர் போட்டா பழைய லென்ஸ் இசட் பாடில மாட்டும், மீட்டரிங் (வெளிச்சத்தை அளக்கிறது) ஓடும், ஆனா ஏஎஃப்-டி லென்ஸுக்கு ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. ஏஎஃப்-டில மோட்டார் லென்ஸுக்குள்ள இல்ல, டி750 பாடிக்குள்ள இருக்கிற மோட்டார்தான் ஒரு சின்ன ஸ்க்ரூ வழியா லென்ஸைத் திருப்புது, எஃப்டிஇசட்ல அந்த மோட்டாரே இல்ல. அடாப்டர் உள்ள லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்ல, உங்க டி750ல இருக்கிற எஃப் மவுண்ட்ல லென்ஸுக்கும் சென்சாருக்கும் தூரம் 46.5 எம்எம், இசட் மவுண்ட்ல 16 எம்எம், நடுவுல இருக்கிற 30.5ஐ அது நிரப்புது. மோட்டார் உள்ளயே இருக்கிற ஏஎஃப்-எஸ் லென்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு எல்லாம் ஓடும், உங்க ரெண்டு லென்ஸும் கைல திருப்பித்தான் எடுக்கணும். அறுபத்து மூவர் கூட்டத்துல 80-200ஐ கைல ஃபோகஸ் பண்றது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். அதனால பாடி விலையை மட்டும் பாக்காதீங்க, லென்ஸ் விலையையும் சேத்துக் கணக்கு போடுங்க.

செங்கல்பட்டு ஸ்டுடியோ:

மேல சொன்னவர் கண்காட்சி பக்கம் ரொம்ப சாயுறாரு, தொழில்காரன் பக்கத்தையும் சொல்லணும். எக்ஸ்போன்னா கேமரா ஸ்டால் மட்டும் இல்ல, அதுல பாதி ஆல்பம், பிரிண்டர், லைட், பேக்டிராப், சாஃப்ட்வேர். 12க்கு 36 இன்ச் கரிஷ்மா கல்யாண ஆல்பத்துல எந்த லேப் பைண்டிங் நல்லா நிக்குது, எந்த ஷீட் வெயில் காலத்துல ஒட்டிக்குது, இதெல்லாம் கைல புரட்டிப் பாத்தாத்தான் தெரியும், போன்ல பாத்து ஆர்டர் போட முடியாது. கஸ்டமர் இருபது வருஷம் கழிச்சுத் திறக்கப் போற ஆல்பம் அது, அதுக்கு உண்டான மரியாதையோட நாம தேர்ந்தெடுக்கணும்.

லைட் வாங்குறதா இருந்தா வெளிச்சம் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, சிஆர்ஐ (நிறம் எவ்வளவு நிஜமாத் தெரியும்னு சொல்ற எண்) 95க்கு மேல இருக்கான்னு கேளுங்க, கூடவே ஆர்9 எவ்வளவுன்னும் கேளுங்க. ஆர்9ங்கிறது ஆழமான சிவப்பு எப்படித் தெரியும்னு சொல்ற எண், நம்ம கல்யாணத்துல குங்குமம், அரக்குப் பட்டு, மருதாணி எல்லாமே அந்தச் சிவப்புலதான் இருக்கு, அது கம்மியான லைட்டுல அரக்கு செத்துப் போய் பழுப்பா விழும், முகமும் வெளிறும். சிவப்புத் துணி ஒண்ணு பையில எடுத்துட்டுப் போய் ஸ்டால் லைட்டுக்கு முன்னாடி பிடிச்சு எடுத்துப் பாருங்க.

அப்புறம் சைலன்ட் ஷட்டர். இப்ப எந்த மண்டபத்துக்குப் போனாலும் மேடைக்குப் பின்னாடி எல்இடி ஸ்க்ரீன் நிக்குது. இசட் 6 மாதிரி பாடில எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டா சென்சார் மேலேருந்து கீழே வரிவரியாப் படிக்கும், அதுக்கு நேரம் எடுக்கும், அந்த நேரத்துல லைட் அணைஞ்சு எரியறது எல்லாம் படத்துல பட்டைபட்டையா விழும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சாதா லைட் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும், அதுக்கு 1/50 இல்ல 1/100ல எடுத்தா தப்பிச்சுக்கலாம், எல்இடி ஸ்க்ரீனுக்கு அந்தக் கணக்கு செல்லாது, அது துடிக்கிற வேகமே வேற. எக்ஸ்போ ஹால்லயே ஸ்டாலுக்கு ஸ்டால் எல்இடி ஸ்க்ரீன் வச்சிருப்பாங்க, டெமோ பாடியை அந்தப் பக்கம் திருப்பி மெக்கானிக்கல்ல ஒண்ணு எலக்ட்ரானிக்ல ஒண்ணு எடுத்துப் பாருங்க, இதை விட நல்ல டெஸ்ட் வேற எங்கயும் கிடைக்காது. உங்க மெமரி கார்டை எடுத்துட்டுப் போங்க, போடலாமான்னு கேட்டா நிறைய பேர் விடுவாங்க, வீட்டுக்கு வந்து பெரிய மானிட்டர்ல நிதானமாப் பாக்கலாம்.

கூட்டம் பத்தி ஒண்ணு. அந்த ஞாயிறு முகூர்த்த நாளான்னு காலண்டர்ல பாத்துக்கோங்க. முகூர்த்தம்னா ஸ்டுடியோக்காரங்க எல்லாரும் மண்டபத்துல இருப்போம், உங்களுக்கு ஸ்டால்ல நின்னு பேச நேரம் கிடைக்கும். ஆடி, மார்கழில நடந்தா எல்லாரும் ஃப்ரீதான், நெரிசல் தாங்காது.

டார்க்ரூம் அக்கா:

தம்பி, உங்க அக்கா பொண்ணு விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், விஸ்காம் பசங்களுக்குப் பாடம் எடுக்கிறவ நான். அவளை எக்ஸ்போவுக்குக் கூட்டிட்டுப் போறதுல தப்பில்ல, ஆனா முதல்ல அங்க கூட்டிட்டுப் போனா போட்டோகிராபின்னா பொருள் வாங்குறதுன்னு மனசுல பதிஞ்சிடும், அந்த வயசுல பதியறது சீக்கிரம் போகாது. கண்காட்சிக்கு ஒரு நோட்டும் பேனாவும் குடுத்து அனுப்புங்க. எல்லாப் படத்தையும் பாக்க வேணாம், ஒரே ஒருத்தரோட வரிசையை எடுத்துக்கிட்டு முதல் படத்துலேருந்து கடைசி படம் வரைக்கும் போகட்டும், ஏன் இந்தப் படத்துக்குப் பக்கத்துல அந்தப் படம், ஏன் இது மட்டும் பெருசு, எது இல்லாம போனா இந்த வரிசை உடையும்னு எழுதட்டும். கேப்ஷனைக் கடைசியாப் படிக்கச் சொல்லுங்க. சாயங்காலம் போட்டோகிராபரே வந்து பேசுற நிகழ்ச்சி இருந்தா அதுல கட்டாயம் உக்காரட்டும், கேள்வி கேக்கட்டும்.

இது நம்ம ஊருக்கு வெளியிலேருந்து வந்த விஷயம்னும் அவ நினைச்சிடக் கூடாது. போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் 1857ல ஆரம்பிச்சது. லின்னேயஸ் ட்ரைப்ங்கிற ஆங்கிலேய போட்டோகிராபர் 1858ல தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டை வரிசையா எடுத்து ஒட்டி சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்குனாரு, மெழுகு பூசின பேப்பர் நெகட்டிவ்ல, நம்ம வெயில்ல. சென்னை போட்டோ பியன்னாலேங்கிற போட்டோ விழா 2016ல தொடங்குச்சு, 2019ல யுனிவர்சிட்டி செனட் ஹவுஸ் உள்ளயே படங்களை வச்சாங்க, பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்துக்குள்ள போய்ப் பாக்க முடிஞ்சதே பெரிய விஷயம். நாலாவது பதிப்பு 2024 டிசம்பர்லேருந்து 2025 மார்ச் வரைக்கும், ஏன் படம் எடுக்கணும்ங்கிற கேள்வியையே தலைப்பா வச்சு நடத்துனாங்க.

பழனி குமார் படங்களை அவ தேடிப் பாக்கணும். மதுரைப் பக்கத்துக்காரர், அம்மா மீன் வித்துப் படிக்க வச்சாங்க, மனுஷங்களை மலக்குழிக்குள்ள இறக்குற கொடுமையையும் ராமநாதபுரம் கடல்ல பாசி எடுக்கிற பொம்பளைங்களையும் வருஷக்கணக்கா எடுத்தவர், கிராமத்து மக்கள் வாழ்க்கையைப் பதிவு பண்ற பாரி இணையதளத்துல தமிழ்லயே படிக்கலாம். தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022ல முதல்ல வாங்குனவரும் அவர்தான். கேமரா எதுன்னு கேக்காம எத்தனை நாள் அவங்க கூட இருந்தாருன்னு உங்க அக்கா பொண்ணு கேட்டா, அவளுக்கு இந்தப் படிப்பு நிச்சயம் வரும்.

செங்கல்பட்டு சார் சொன்ன ஆல்பம் விஷயத்துல எனக்கும் முழு சம்மதம், ஆனா உங்க ஸ்டுடியோ பசங்களையும் ஒரு நாள் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போங்க சார். ஆல்பம் டிசைனும் படத்தை வரிசையா அடுக்குறதுதானே, எதுக்கு அப்புறம் எது வரணும்னு அங்க சும்மாவே கத்துக்கலாம்.

பெரம்பூர் ரயிலடி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், ஏஎஃப்-டி விஷயம் யாருமே சொன்னதில்ல. அப்ப சனி கண்காட்சி, ஞாயிறு எக்ஸ்போன்னு முடிவு பண்ணிட்டேன், காலண்டர் பாத்தேன், அந்த ஞாயிறு முகூர்த்த நாள்தான். விலை பத்தி யாராவது சொல்லுங்களேன். அங்கயே செகண்ட் ஹேண்ட் லென்ஸும் விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன், வாங்கலாமா?

பல்லாவரம் லென்ஸ்:

பாடி விலை கடைக்கும் எக்ஸ்போவுக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது, பேட்டரி, கார்டு, பை இப்படி ஏதாவது சேத்துத் தருவாங்க, அது உங்களுக்குத் தேவையான பொருளா இருந்தாத்தான் லாபம். ஜிஎஸ்டி பில் இல்லாம எதுவும் வாங்காதீங்க, பில்லுல இருக்கிற சீரியல் நம்பரும் பாடில இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு அங்கயே பாருங்க, வாரண்டி கார்டு இந்தியாவுக்கு உண்டானதான்னும் பாருங்க. பத்தாயிரம் கம்மின்னு கம்பெனி வழியா வராத கிரே மார்க்கெட் பீஸ் எடுத்தா சர்வீஸ் சென்டர்ல வாரண்டி கிடைக்காது.

செகண்ட் ஹேண்ட் லென்ஸுக்கு போன் டார்ச் போதும். ரெண்டு பக்க மூடியையும் கழட்டி, அப்பர்ச்சரை (வெளிச்சம் உள்ள போற துவாரம்) முழுசாத் திறந்து வச்சு, பின்னாடிலேருந்து சாய்வா டார்ச் அடிச்சு முன்னாடி வழியாப் பாருங்க. தூசி பரவால்ல, படத்துல தெரியாது. சிலந்தி வலை மாதிரி நூல்நூலா ஓடுனா அது ஃபங்கஸ், விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் வேணாம். நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்துல அது வளந்துட்டேதான் இருக்கும். வாங்கின லென்ஸை பீரோவுல துணிக்கு நடுவுல வைக்காதீங்க, டிரை கேபினட் இல்லன்னா கூட காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் அளக்கிற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் போதும், 40லேருந்து 50 சதவீதத்துக்குள்ள ஈரப்பதத்தை வச்சுக்கோங்க.

மயிலை மாடவீதி:

வழியும் சொல்லிடறேன் அண்ணா. சனிக்கிழமை பெரம்பூர்லேருந்து லோக்கல்ல சென்ட்ரல், அங்கேருந்து மெட்ரோல ஆயிரம் விளக்கு மூணாவது ஸ்டேஷன், கிரீம்ஸ் ரோடு நடக்கிற தூரம்தான். ஞாயிறு அதே லைன்ல ஆலந்தூர் போயிட்டு ஆட்டோ பிடிங்க. 80-200ஐ விக்கிற எண்ணம் இருந்தா இப்ப வேணாம், டி750ல அது இன்னும் பல திருவிழா எடுக்கும். அதை அப்படியே எக்ஸ்போவுக்குத் தூக்கிட்டு வாங்க, நிக்கான் ஸ்டால்ல எஃப்டிஇசட் இருந்தா கேட்டு வாங்கி மாட்டி, நடந்து வர்றவங்களைக் கைல ஃபோகஸ் பண்ணி ஒரு பத்து ஃபிரேம் எடுங்க, எத்தனை ஷார்ப்பா வந்திருக்குன்னு பாத்துட்டு அப்புறம் பாடி வாங்கலாமா இல்ல அந்தக் காசுக்கு டி750க்கே ஒரு நல்ல லென்ஸ் வாங்கலாமான்னு யோசிங்க. ஞாயிறு பத்து மணிக்கு நானும் அங்க இருப்பேன், கார்டு மறக்காதீங்க.