மேல வீதிக் குழுவில் கிளாஷ் பாடல்களின் வரிசை

குழு: மேல வீதி வீடு
குழு விவரம்: அந்தக் காலத்தில் தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. இங்கே காசு கிடையாது. ஆகவே எல்லாரும் தமிழில், முழு வாக்கியமாக எழுதவும். இப்படிக்கு, தாத்தா.

கயல் (இரவு 7:42)
சுந்தர் மாமா, நேற்று எங்கள் விடுதியில் எம்.ஐ.ஏ. என்ற பாடகியின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டைப் போட்டார்கள். அதன் அடியில் சுழன்று சுழன்று வரும் இசை அவருடையது இல்லை, கிளாஷ் என்ற பழைய லண்டன் பங்க் ராக் இசைக்குழுவிடமிருந்து எடுத்தது என்று நீங்கள் எப்போதோ சொன்னதைத் தோழிகளிடம் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. ஆதாரம் கொடுங்கள், அப்படியே அந்தக் குழுவின் சிறந்த பத்துப் பாடல்களையும் வரிசைப்படுத்தித் தாருங்கள்.

சுந்தர் மாமா (இரவு 7:58)
இந்த வீட்டில் யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று முப்பது வருடமாகக் காத்திருக்கிறேன், கயல். முதலில் ஆதாரம். 2007இல் வந்த ‘கலா’ தொகுப்பில் இருக்கும் அந்தப் பாட்டு, கிளாஷ் குழு 1982இல் வெளியிட்ட ‘காம்பாட் ராக்’ தொகுப்பிலுள்ள ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ பாட்டின் தொடக்க இசையை வைத்துக் கட்டியது. பாட்டை எழுதியவர்கள் யார் என்று பார்த்தால், எம்.ஐ.ஏ.வின் இயற்பெயரான மாயா அருள்பிரகாசத்தோடு ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், சிமனன், ஹெடன் என்று கிளாஷ்காரர்கள் நால்வரின் பெயரும் இருக்கும். வரிசையைப் பொறுத்தவரை, எனக்கு முதலிடமும் அதே ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’தான்.

பரத் அண்ணன் (இரவு 8:03)
மாமா, இதை நான் ஏற்க மாட்டேன். கிளாஷ் என்றால் ‘லண்டன் காலிங்’தான். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் வெட்டி வெட்டி விழுவதைக் கேட்டுத்தான் நான் கிட்டாரையே வாங்கினேன். ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை எண்பதுகளின் மிகச் சிறந்த தொகுப்பு என்று தேர்ந்தெடுத்ததும் அதே பெயருள்ள தொகுப்பைத்தான்.

சுந்தர் மாமா (இரவு 8:11)
அந்தத் தொகுப்பு இங்கிலாந்தில் 1979 டிசம்பரிலேயே வந்துவிட்டது, பரத். அமெரிக்காவில் 1980 ஜனவரியில் வந்ததால் எண்பதுகளின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே பத்திரிகையை எனக்குச் சாட்சியாகக் கொண்டுவராதே. பங்க் குழுக்களிடம் கோபத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. கிட்டாரில் மூன்று சுரக்கட்டும் (கார்டும்) உரத்த தொண்டையும் இருந்தால் கோபத்தைப் பாடிவிடலாம். கோபப்படுகிறவன் தன்னையும் கூண்டில் ஏற்றிக்கொள்கிறானா, அல்லது தன்னை மறந்து வேறொருவன் நிற்கும் இடத்தில் போய் நிற்கிறானா என்பதை வைத்துத்தான் நான் வரிசை போடுகிறேன். அந்தக் கணக்கில், 1976இல் லண்டனின் நாட்டிங் ஹில் திருவிழாவில் நடந்த கலவரத்தைப் பார்த்துவிட்டு எழுதிய அவர்களுடைய முதல் தனிப்பாட்டு ‘ஒயிட் ரயட்’ என் பத்துக்குள் வராது. கேட்க வேகமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தாத்தா (இரவு 8:20)
1993இல் மாடி அறையிலிருந்து வந்துகொண்டிருந்த இரைச்சல் இதுதானா, சுந்தரம்?

சுந்தர் மாமா (இரவு 8:21)
இதேதான், அப்பா.

பெரியம்மா (இரவு 8:26)
கயல் சொல்லும் பாட்டு எனக்கே தெரியும். ரகுமான் ஆஸ்கர் வாங்கிய ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில், சிறுவர்கள் ரயிலில் ஏறித் திரியும் இடத்தில் வருமே, அதுதானே? அந்தப் பாட்டுக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. அதை ஏன் முதலிடத்தில் வைத்திருக்கிறாய் என்று விளக்கிச் சொல், சுந்தர்.

சுந்தர் மாமா (இரவு 8:47)
அதேதான், அக்கா. 1981 முடிய ஓரிரு நாட்களே இருந்தபோது நியூயார்க்கில் அதைப் பதிவு செய்தார்கள். வழக்கமான ராக் தாளம் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. டிரம் வாசித்த டாப்பர் ஹெடன், பிரேசிலின் போசா நோவா சாயலில் ஒரு நடையைப் பிடித்தார். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் ஒரு குளிர்பானப் பாட்டிலில் துண்டைச் சுற்றிப் பெரிய டிரம்மின் முன்பக்கத்தில் தட்டினார். இயர்போனில் கேட்டால், பக்கத்து வீட்டில் யாரோ சுவரைத் தட்டுவதுபோல அடியில் ஒரு ‘தும்’ கேட்கும். ஏறத்தாழ ஏழு நிமிடம் இருந்ததை, கிளின் ஜான்ஸ் என்பவர் தொகுப்புக்காக ஐந்தரை நிமிடமாக வெட்டினார்; அந்த ஒன்றரை நிமிடத்துக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பாட்டு, இங்கிலாந்தின் வடக்கே இரும்பாலைகள் மூடப்பட்ட ஊர்களில் தொடங்குகிறது. குடியேறி வந்தவர்களுக்கு அங்கே இடமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லப்படுகிறது. அங்கிருந்து வியட்நாமுக்குப் போகிறது: போருக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்க்கு அங்கே பிறந்த பிள்ளை, அப்பாவின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு தன்னையும் அழைத்துப்போகச் சொல்லிக் கெஞ்சுகிறது, அவன் மறுக்கிறான். இதையெல்லாம் ஸ்ட்ரம்மர் கத்திப் பாடவில்லை, களைத்துப்போனவர் பேசுவதுபோலப் பாடுகிறார். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரால் 1986இல் குடும்பத்தோடு லண்டனுக்கு அகதியாக வந்து சேர்ந்த மாயா, குடியேறிகளைக் கண்டு மேலைநாடுகள் மிரள்வதைக் கிண்டல் செய்யும் தன் பாட்டுக்கு இந்த இசையை எடுத்ததற்குக் காரணம் வேறு வேண்டுமா? வாசலில் நிறுத்தப்பட்ட குழந்தையே வளர்ந்து வந்து பதில் பாடியதுபோலத்தான் எனக்குத் தோன்றுகிறது. 2008இல் அது அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனது. கேட்பதற்கு ஸ்ட்ரம்மர் இல்லை. பிறவியிலேயே இருந்து யாரும் கண்டுபிடிக்காத இதயக் கோளாறால், 2002 டிசம்பரில், தம்முடைய ஐம்பதாவது வயதில் இறந்துவிட்டார்.

கயல் (இரவு 8:55)
இதை அப்படியே தோழிகளின் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாவது எது?

சுந்தர் மாமா (இரவு 9:12)
‘ஒயிட் மேன் இன் ஹாம்மர்ஸ்மித் பாலே’, 1978. லண்டனில் அந்தப் பெயருள்ள நடன அரங்கில் விடிய விடிய நடந்த ரெகே, அதாவது ஜமைக்கா இசைக் கச்சேரிக்கு ஸ்ட்ரம்மர் போனார். ஜமைக்காவின் சேரிகளிலிருந்து கிளம்பிய கலகப் பாட்டைக் கேட்கலாம் என்ற நினைப்போடு போனவருக்கு, பளபளப்பான உடையில் அடி பிசகாத ஆட்டபாட்டம்தான் கிடைத்தது. அவர் அதோடு நிறுத்தியிருந்தால் குறைசொல்லும் சாதாரணப் பாட்டாகப் போயிருக்கும். ‘கறுப்பினக் கலைஞன் எனக்காகக் கலகம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க நான் யார்?’ என்ற கூச்சம் பாட்டுக்குள் மெல்ல நுழைகிறது. அதன்பின் அந்தக் கண் அப்படியே திரும்பி, புது உடுப்பு மாட்டிக்கொண்டு மேடை வெளிச்சத்துக்கு அடித்துக்கொள்ளும் தன் சக பங்க் குழுக்களின்மேல் விழுகிறது. பங்க் பிறந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில், பங்க் உலகத்துக்குள் இருந்துகொண்டே இதை எழுதியிருக்கிறார். போதாக்குறைக்கு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து ரெகே நடையிலேயே பாடினார்கள். நடுவில் ஒரு மௌத் ஆர்கன் வேறு. இங்கிலாந்தில் முப்பத்திரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

பெரியம்மா (இரவு 9:20)
அந்த ஸ்ட்ரம்மர் என்பவர் ஏழை வீட்டுப் பிள்ளையா?

சுந்தர் மாமா (இரவு 9:29)
இல்லை, அக்கா. அவருடைய எதிரிகள் கடைசிவரை குத்திக்காட்டியதும் அதைத்தான். இயற்பெயர் ஜான் மெல்லர். அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை அதிகாரி. அந்த அப்பா பிறந்தது நம்முடைய லக்னோவில். மகன் பிறந்தது துருக்கியின் அங்காராவில். ஒன்பது வயதில் விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டார்கள். அடிமட்டத்திலிருந்து வந்தவர்கள் மற்ற இருவர்: மிக் ஜோன்ஸ் பாட்டியின் அடுக்குமாடி வீட்டில் இருந்தவர், பால் சிமனன் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் வளர்ந்தவர். தான் யாருக்காகப் பாடுகிறோமோ அவர்களில் ஒருவன் இல்லை என்ற உறுத்தல் ஸ்ட்ரம்மருக்கு இருந்ததால்தான் இரண்டாம் இடத்துப் பாட்டு பிறந்தது என்று நினைக்கிறேன்.

அந்த உறுத்தலின் இன்னொரு பிள்ளை ‘சேஃப் யூரோப்பியன் ஹோம்’. பாட்டு எழுதி வரச்சொல்லி ஸ்ட்ரம்மரையும் ஜோன்ஸையும் ஜமைக்காவுக்கு அனுப்பினார்கள். ரெகேயின் தாய்வீட்டில் கால் வைத்த இருவரும் தெருவில் நடக்கவே பயந்து திரும்பினார்கள். திரும்பியதும் தங்கள் பயத்தையே கேலி செய்து இதைப் பாடினார்கள். ஐந்தாம் இடம்.

பரத் அண்ணன் (இரவு 9:33)
நடுவில் மூன்றையும் நான்கையும் காணவில்லையே, மாமா. ‘லண்டன் காலிங்’ எங்கே?

சுந்தர் மாமா (இரவு 9:44)
மூன்றாம் இடத்தில். சண்டைக்கு வராதே. நான்காவது ‘கம்ப்ளீட் கன்ட்ரோல்’. 1977இல் இசைத்தட்டு நிறுவனமான சி.பி.எஸ்., குழுவைக் கேட்காமலே ‘ரிமோட் கன்ட்ரோல்’ என்ற பாட்டைத் தனித்தட்டாக வெளியிட்டது. கோபம் வந்த கிளாஷ்காரர்கள் அந்த நிறுவனத்தைத் திட்டி ஒரு பாட்டு எழுதி, அதை அந்த நிறுவனத்தின் மூலமாகவே அதே ஆண்டு செப்டம்பரில் வெளியிட்டார்கள். தயாரித்தவர் ஜமைக்காவின் லீ பெர்ரி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நாங்கள்தானே என்ற அசட்டுத்தனமும் அந்தப் பாட்டில் கேட்கும். அதனால்தான் நான்காம் இடம். டாப்பர் ஹெடன் இந்தக் குழுவோடு வாசித்த முதல் பதிவும் இதுதான்.

தாத்தா (இரவு 10:02)
பரத் சொன்ன பாட்டை யூடியூபில் கேட்டேன். பாடுகிறவர் எதற்காக ஓநாய்போல ஊளையிடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் முடிவில், இசை மங்கிக்கொண்டே போகும்போது, கிட்டாரில் ஒருவர் தந்தி அடிக்கிறார். மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில். கை தேர்ந்த கை இல்லை; இடைவெளி ஒழுங்காக விழவில்லை. இருந்தாலும் அது எஸ்.ஓ.எஸ்.தான், கப்பல் மூழ்கும்போது அனுப்புவது. முப்பத்தாறு வருடம் அந்த ஒலியோடு இருந்த காதுக்கு இது தப்பாது.

பரத் அண்ணன் (இரவு 10:04)
தாத்தா, நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. மிக் ஜோன்ஸ் கிட்டாரிலேயே அந்த மோர்ஸ் குறியை வரவழைத்தார். இத்தனை வருடமாக அதை வாசிக்கும் எனக்கு, அது சும்மா ஒரு விக்கல் ஓசை என்றுதான் நினைப்பு.

சுந்தர் மாமா (இரவு 10:15)
அப்பா, நீங்கள் மாடியேறி வந்து டேப்பை நிறுத்தாமல், பாட்டை முடிவுவரை ஒரே ஒருநாள் கேட்டிருந்தால் இதை அன்றைக்கே சொல்லியிருப்பீர்கள். அந்தத் தந்திக்குப் பொருள் உண்டு. பாட்டின் பெயர், பி.பி.சி. வானொலி போர்க்காலத்தில் தன் ஒலிபரப்பைத் தொடங்கும்போது சொன்ன அறிவிப்பு. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்தது. தேம்ஸ் நதி பெருகினால் லண்டன் முழுகிவிடும் என்ற பயமும் அப்போது இருந்தது. உலகத்துக்குச் செய்தி சொன்ன நகரம், இப்போது தன்னைக் காப்பாற்றச் சொல்லித் தந்தி அடிக்கிறது. இவ்வளவு இருந்தும் மூன்றாம் இடம்தான். பரத்தின் முகத்துக்காக மாற்ற முடியாது.

கயல் (இரவு 10:19)
மீதி ஐந்தையும் சொல்லிவிடுங்கள், மாமா. நாளைக்கு எனக்குக் காலை வகுப்பு.

சுந்தர் மாமா (இரவு 10:36)
ஆறாவது ‘லாஸ்ட் இன் தி சூப்பர்மார்க்கெட்’. புறநகர் வீட்டில் தனியாக வளரும் சிறுவனின் பாட்டு. மிக் ஜோன்ஸின் சிறுவயது எப்படி இருந்திருக்கும் என்று ஸ்ட்ரம்மர் கற்பனை செய்து எழுதி, அதை ஜோன்ஸிடமே பாடக் கொடுத்தார். நண்பனுக்கு இப்படி ஒரு பரிசை வேறு யாரும் கொடுத்து நான் கண்டதில்லை. ஏழாவது, சிமனன் தானே எழுதித் தானே பாடிய ‘தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’. 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் பெருங்கலவரம் வெடிப்பதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பே இது வந்துவிட்டது. குரல் சுமார்தான், பேஸ் கிட்டார் நடப்பதைக் கேட்டால் அதையெல்லாம் மறந்துவிடுவாய். எட்டாவது ‘ராக் தி காஸ்பா’. மற்றவர்கள் வருவதற்குள் ஹெடன் தனியாக உட்கார்ந்து டிரம், பியானோ, பேஸ் மூன்றையும் வாசித்து முடித்த பாட்டு. அமெரிக்காவில் எட்டாம் இடம் வரை போனது. அதற்கு முன்பே போதைப் பழக்கத்துக்காக அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். காணொளியில் அவருடைய டிரம்மை வேறொருவர் வாசிக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை.

பத்தாவது ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’, ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாட்டு. முதல் தொகுப்பில் மற்றதெல்லாம் அவசர அவசரமாக ஓடும்போது, இது மட்டும் ஆறு நிமிடம் நிதானமாக நடக்கும்.

பரத் அண்ணன் (இரவு 10:40)
ஒன்பதாவதை விட்டுவிட்டீர்கள்.

சுந்தர் மாமா (இரவு 10:52)
விடவில்லை. அதற்கு ஒரு சாட்சிப் பொருளைப் பரணிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. ‘லண்டன் காலிங்’ தொகுப்பை எனக்குப் பெங்களூரு விடுதியில் ஒரு நண்பன் 1992இல் நகல் எடுத்துத் தந்தான். இசைத்தட்டின் உறையைப் பார்த்துப் பாடல்களின் பெயரைத் தமிழில், நீல மையில், அவன் கைப்பட எழுதிக் கொடுத்தான். பெயர்கள் பதினெட்டு, நாடாவில் பாட்டுகள் பத்தொன்பது. கடைசியாக வருவது ரயில் ஓடுவதுபோன்ற தாளத்தில் மிக் ஜோன்ஸ் பாடும் ஒரு காதல் பாட்டு. அதற்குப் பெயரே இல்லை. எழுத மறந்துவிட்டான் என்று அவனை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது: அதன் பெயர் ‘டிரெய்ன் இன் வெய்ன்’. ஒரு பத்திரிகைக்கு இலவசத் தட்டாகக் கொடுக்கப் பதிவு செய்த பாட்டு அது. அந்த ஏற்பாடு நின்றுபோனதால் கடைசி நேரத்தில் தொகுப்பில் சேர்த்தார்கள். உறை அதற்குள் அச்சாகிவிட்டதால் பட்டியலில் இடமில்லை.

என் அளவுகோலின்படி இது பத்துக்குள்ளேயே வரக்கூடாது. கைவிட்டுப் போன பெண்ணைப் பார்த்துப் புலம்புகிற பாட்டு. யாரும் கூண்டில் ஏறுவதில்லை. படத்தைப் பாருங்கள்.

[படம்: கேசட் பெட்டியின் அட்டை. நீல மையில் பதினெட்டு வரிகள். அதன் கீழே, வேறு கையெழுத்தில், பென்சிலால் ‘19’ என்ற எண்; எதிரே ஒரு கேள்விக்குறி.]

கயல் (இரவு 10:55)
மாமா, அந்தக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் இன்னும் சிறியதாக ஏதோ எழுதி அழித்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ‘முதலிடம்’ என்று தெரிகிறது.

சுந்தர் மாமா (இரவு 10:57)
அப்போது எனக்கு இருபது வயது, கயல்.

தாத்தா (இரவு 11:01)
அந்தப் பத்தொன்பதாவது பாட்டின் சுட்டியை இங்கே அனுப்பு, சுந்தரம்.