ஐ7-3770 போட்டால் இரண்டு மடங்கு வேகமா? யாரிடம் சொல்கிறீர்கள்?

அம்மாபேட்டை_தறி:
நம்ம சேலம் குழுவில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "இன்டெல் ஐ5-3470 பிராசஸர் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு பழைய ஐ7-3770 ஒன்று வாங்கிப் போடுங்கள், 4 த்ரெட் 8 ஆகிவிடும், கம்ப்யூட்டர் இரண்டு மடங்கு வேகம்" என்கிறார். த்ரெட் என்றால் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலையின் வரிசை; வேலையைச் செய்கிற மூளை, அதாவது கோர், அந்த சிப்பிலும் 4தான். ஒரு கோருக்குள் சும்மா கிடக்கிற இடத்தில் இன்னொரு வேலையையும் நுழைத்து ஓட்டுவதற்குப் பெயர்தான் 8 த்ரெட். அதனால் கோர் எட்டாகிவிடாது. டிசைனை முழுப் படமாக்குகிற ரெண்டரிங் மாதிரி எல்லாக் கோரையும் பிழிந்தெடுக்கிற வேலையில் கால் பங்கு கூடும், மிஞ்சிப்போனால் அதற்குக் கொஞ்சம் மேலே. ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிற பையன்களும் டேலியில் கணக்குப் போடுகிறவர்களும் இதை நம்பிக் காசைக் கொட்டப் போகிறார்கள்.

ஐந்துரோட்டுக்காரன்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். ஐ5-ல் 4 த்ரெட், ஐ7-ல் 8 த்ரெட். நாலுக்கு எட்டு எத்தனை மடங்கு என்று அம்மாபேட்டையில் சொல்லித்தரவில்லையா? இரண்டும் 2012-ல் வந்தவை, சிப் உட்காரும் இடம் ஒரே 1155 சாக்கெட், எச்61 மதர்போர்டில் அப்படியே உட்காரும். போர்டு, ராம், பிராசஸர் எல்லாவற்றையும் மாற்ற வசதி இல்லாதவனுக்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை_தறி:
எண்ணிக்கையைக் கேட்கவில்லை, வேகத்தைக் கேட்டேன். டர்போவில், அதாவது தானாக எகிறும் உச்ச வேகத்தில், 3470-க்கு 3.6 கிகாஹெர்ட்ஸ், 3770-க்கு 3.9. ஒற்றை த்ரெட்டில் ஓடுகிற வேலைக்கு உங்கள் ஐ7 தருவது இந்த வித்தியாசம்தான், அப்புறம் சிப்புக்குள் இருக்கும் கேச் நினைவகம் 6 எம்பி 8 ஆகிறது. இதில் இரண்டு மடங்கு எங்கே இருக்கிறது?

ஏற்காடு_காபி:
அண்ணே, நாகலூர் பக்கம் எங்கள் எஸ்டேட் ஆபீஸிலும் இதே 3470தான். பிராசஸரைத் தொடவே இல்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போட்டு, ராமை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கினேன். முன்பெல்லாம் கணக்குப்பிள்ளை சுவிட்சைப் போட்டுவிட்டு காபி குடித்துவிட்டு வருவார், இப்போது உட்காருவதற்குள் திறந்துவிடுகிறது.

ஐந்துரோட்டுக்காரன்:
மலையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். எச்61-ல் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா நொடிக்கு 3 ஜிகாபிட்தான், 6 கிடையாது. நீங்கள் வாங்கின எஸ்எஸ்டி பாதி வேகத்தில்தான் ஓடுகிறது. அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

அம்மாபேட்டை_தறி:
பாதி வேகமே நொடிக்கு 250 எம்பிக்கு மேல் வரும், ஹார்ட் டிஸ்க் 150 தாண்டத் திணறும். அதைவிட முக்கியம், சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கும்போது ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றி, முள் நகர்ந்து வரவேண்டும், எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பே இல்லை. பேச்சை மாற்றாதீர்கள். இரண்டு மடங்குக்குக் கணக்கு வரட்டும்.

கொலுசு_பட்டறை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வெள்ளிக் கொலுசு டிசைனை ரெண்டர் பண்ணுகிறவன், 3470-லிருந்து 3770-க்கு மாறியவன். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: சிப்போடு வரும் கிராபிக்ஸ் 3470-ல் எச்டி 2500, 3770-ல் அதைவிட வலுவான எச்டி 4000. தறிக்கார அண்ணனுக்கு ஊரில் எல்லோரும் டேலி மட்டும்தான் போடுகிறார்கள் என்ற நினைப்பு.

அம்மாபேட்டை_தறி:
தம்பி, ரெண்டரிங்கில் கூடும் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டு வாருங்கள். ஒரே டிசைன் முன்பு எவ்வளவு நேரம் எடுத்தது, இப்போது எவ்வளவு?

கொலுசு_பட்டறை:
நேரம் குறித்து வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, அது போதும்.

ஐந்துரோட்டுக்காரன்:
பார்த்தீர்களா, பயன்படுத்துகிறவரே சொல்கிறார். 8 த்ரெட் என்றால் 8 த்ரெட்தான்.

அம்மாபேட்டை_தறி:
அவர் இரண்டு மடங்கு என்று எங்கே சொன்னார்? போன வருடம் என் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) நன்றாக இருக்கும்போதே "ஐ7 போட்டால் தாங்காது, மாற்றுங்கள்" என்று என் தலையில் கட்டப் பார்த்தது நீங்கள்தானே? இரண்டு சிப்பும் 77 வாட். அப்போது மட்டும் அது ஏன் நினைவுக்கு வரவில்லை?

ஐந்துரோட்டுக்காரன்:
அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ், வெடித்தால் போர்டும் சேர்ந்து போகும், நல்லதுக்குச் சொன்னேன். உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுவதற்கு உங்கள் வீட்டுத் தூசுதான் காரணம், நானில்லை.

அம்மாபேட்டை_தறி:
தூசியைப் பற்றிப் பேசலாம், அதுதான் உருப்படியான பேச்சு. தறி ஓடுகிற வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மூடியைத் திறந்து பாருங்கள். சிப்பின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் இடுக்கு முழுக்க நூல் பஞ்சு அப்பிக் கிடக்கும், காற்றே போகாது. அதற்கும் சிப்புக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து உதிரும். சேலத்து மே மாத வெயிலில் சிப் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரஷ்ஷால் பஞ்சை எடுத்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் இருக்கிற ஐ5-ஏ இழந்த வேகத்தைத் திரும்பத் தரும். இதைச் செய்யாமல் ஐ7 போட்டால் அதுவும் அதே சூட்டில் மூச்சுத் திணறும்.

ஏற்காடு_காபி:
இன்னொன்றை விட்டுவிட்டீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறை கேட்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. 3470, 3770 இரண்டுமே மூன்றாம் தலைமுறை. சில புது மென்பொருள் கேட்கிற ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் கிடையாது, அவை 2013-ல் நான்காம் தலைமுறையான ஹாஸ்வெல்லில்தான் வந்தன. அந்தக் காசைச் சேர்த்து வைத்து பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-12100 மாதிரி ஒன்றுக்குப் போகலாம். அதுவும் 4 கோர் 8 த்ரெட்தான், ஆனால் ஒவ்வொரு கோரும் வேறு ரகம்.

ஐந்துரோட்டுக்காரன்:
லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். எஸ்டேட் காசில் பேசுகிறவருக்கு புது போர்டு, புது ராம் எல்லாம் ஒரு பொருட்டா?

ஏற்காடு_காபி:
எஸ்டேட் முதலாளியுடையது, நான் சம்பளக்காரன். வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கள். லினக்ஸில் டேலியை யார் ஓட்டிக் கொடுப்பது, நீங்களா?

கொலுசு_பட்டறை:
மறுபடியும் டேலியா? இங்கே ரெண்டர் பண்ணுகிறவனுக்கு மதிப்பே இல்லை போல.

அம்மாபேட்டை_தறி:
சரி, ஒரே வழிதான். அந்த ஐ7-ஐ எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். இதே போர்டு, இதே ராம், ஒரே ஃபைலை இரண்டு சிப்பிலும் ஓட்டி நேரம் பார்ப்போம்.

ஐந்துரோட்டுக்காரன்:
வருகிறேன். 1155-ல் ஊசியெல்லாம் போர்டு சாக்கெட்டில் இருக்கிறது, கழற்றி மாட்டும்போது ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. அதற்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள்.

அம்மாபேட்டை_தறி:
ஊர் முழுக்க மாற்றச் சொன்னபோது அந்த ஊசி வளையாதா? முதலில் இரண்டு மடங்குக்குக் கணக்கு வரட்டும், அப்புறம் எழுதித் தருகிறேன்.

ஐந்துரோட்டுக்காரன்:
கணக்கு முதல் பதிலிலேயே இருக்கிறது. 4 த்ரெட், 8 த்ரெட். எழுதிக் கொடுத்தால் வருகிறேன்.