ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நடத்திய ஆசிரியருக்கு எப்படி நன்றி சொல்வது?

கேட்டவர்: மேலூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். மேலூர் வட்டத்துக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளியில் படித்தவன் நான். 1996-இல் எங்களுக்குக் கணக்கு நடத்திய ஆசிரியர் ஓய்வு பெற்று, இப்போது 78 வயதில், மதுரை திருநகர்ப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். எங்கள் வகுப்பில் படித்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒன்றுகூடி, அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுப்பதென்று முடிவு செய்து, மண்டபமும் பார்த்து, ஏறத்தாழ 60,000 ரூபாய் சேர்த்தும் விட்டோம். ஆளுயர மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாசலில் பதாகை என்று பேச்சு வளர்ந்துகொண்டே போனது. (காதுகுத்துக்கே தெருமுனை வரை பதாகை வைக்கிற ஊர் நம்முடையது; ஆசிரியர் என்றால் விடுவோமா?) செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "விழாவெல்லாம் வேண்டாம்ப்பா. சம்பளம் வாங்கிக்கொண்டுதானே பாடம் நடத்தினேன்" என்றார்.

சம்பளத்துக்கு நடத்திய பாடத்துக்காக நான் நன்றி சொல்ல நினைக்கவில்லை. என் அப்பா கொத்தனார். அந்த ஆண்டு காலாண்டுத் தேர்வு முடிந்ததும், என்னைக் கையாளாக வேலைக்கு அழைத்துப் போவதென்று முடிவு செய்து, அதைச் சொல்லிவிட்டுப் போகப் பள்ளிக்கு வந்தார். வகுப்பு வாசலில் நின்ற அவரிடம் கல்வியின் பெருமை பற்றி ஆசிரியர் ஒரு சொல்லும் பேசவில்லை. "அஸ்திவாரத்துக்கு மூலை எப்படிப் பிடிப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அப்பா சற்றுத் திகைத்து, ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி என்றார். "அதை இந்தப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முடியுமா?" என்றார் ஆசிரியர்.

வேப்பமரத்தடியில் நாங்கள் சுற்றி நிற்க, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முளைக்குச்சி அடித்து நூல் கட்டினார். முதல் தடவை குறுக்கு நூல் 5 அடிக்கு மேல் இரண்டு விரற்கடை கூடிவிட்டது. ஒரு முளையைப் பிடுங்கிச் சற்று உள்ளே தள்ளி அடித்ததும் சரியாக வந்தது. பெரிய கட்டடம் என்றால் 6, 8, 10 என்று வைத்துக்கொள்வோம், சின்ன அளவில் பிழை இருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்றும் அவராகவே சொன்னார். உள்ளே போனதும் ஆசிரியர் கரும்பலகையில் 9, 16, 25 என்று எழுதி, அடியில் பிதாகரசு தேற்றம் என்று கோடிட்டுவிட்டு, "இது இவர் கைக்குத் தெரியும். ஏன் இப்படி வருகிறது என்பதை இவர் மகன் நாளைக்கு வந்து நிறுவிக் காட்டுவான்" என்றார். அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்ன பிறகு மறுநாள் அப்பா என்னை எங்கே அழைத்துப் போவார்? நாளைக்கு என்றது அரையாண்டு ஆனது, பிறகு பத்தாம் வகுப்பு ஆனது. இன்று கோயம்புத்தூரில் கட்டடப் பொறியாளராக இருக்கிறேன்.

விழா வேண்டாம் என்றவரின் சொல்லையும் மீறக் கூடாது, சும்மாவும் இருக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1: திருமங்கலம் வாசகி

தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எனக்குத் தமிழ் நடத்திய ஆசிரியை, கட்டுரை ஏட்டில் மற்றவர்களைப் போல் "சரி" போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பாமல், ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்வி எழுதுவார். "ஆற்றில் வெள்ளம் வந்தது என்கிறாய், நீ எங்கே நின்று பார்த்தாய்?" என்று ஒரு முறை எழுதியிருந்தார். வைகையில் வெள்ளம் வந்ததை நான் பார்த்ததே இல்லை. யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியிருந்தேன். இன்றைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினாலும் அந்தக் கேள்வி என் கைக்கு முன்னால் வந்து நிற்கிறது. செப்டம்பர் 5 வரும்போதெல்லாம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்து, பிள்ளைகளுக்குத் தேர்வு, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஏதோ ஒரு காரணத்தால் ஆறேழு ஆண்டுகள் கடத்திவிட்டேன். கடைசியில் நான் போனது அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு. அவருடைய மகளிடம் இந்தக் கேள்வியைப் பற்றிச் சொன்னேன், அவரும் அழுதார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லையே என்ற குறை மட்டும் தீரவில்லை.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரங்களில் 27 ஆண்டுகள் பணி செய்தவள் என்ற முறையில் மறுபக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

எனக்கும் இரண்டு விழாக்கள் எடுத்தார்கள். அன்போடுதான் எடுத்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் மேடையில் பேச வந்தவர்கள் மருத்துவர், வட்டாட்சியர், வங்கி மேலாளர் என்று வரிசையாக வந்தார்களே தவிர, அதே வகுப்பில் படித்து இன்று பால் கறந்து ஊற்றுகிறவனும், பஞ்சாலைக்குப் போகிறவளும் மேடைப் பக்கமே வரவில்லை. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் என் மாணவன் என்பதைச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் கண்டேன். "டீச்சர், நான் படிப்பை விட்டவன், நான் என்ன பேசுவது?" என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓர் ஆசிரியருக்கு நெடுநாள் மனத்தில் நிற்பது தேர்ச்சிப் பட்டியல் அன்று. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்து நீக்கிய பெயர்கள்தான். அறுவடைக்குப் போனவன், ஆடு மேய்க்கப் போனவள், திருப்பூருக்குப் போனவன் என்று அந்தப் பெயர்களை நான் இன்றும் வரிசையாகச் சொல்வேன். அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் வந்து சொல்வதில்லை.

உங்கள் ஆசிரியர் செய்த காரியத்தின் அருமை, எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புரியும். 1982-இல் சத்துணவு வந்த பிறகு சின்ன வகுப்புகளில் பிள்ளைகள் நின்றுபோவது குறைந்ததை நான் கண்ணாரப் பார்த்தேன். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பையன் வீட்டுக்குக் கூலி கொண்டுவரக்கூடிய வயதுக்காரன். அவனை ஒரு வேளைச் சோறு பிடித்து நிறுத்தாது. அந்த இடத்தில் பெற்றோரிடம் அறிவுரை சொல்லி நாங்கள் தோற்றதுதான் அதிகம், ஏனென்றால் அறிவுரை கேட்கிறவரைத் தாழ்த்திவிடுகிறது. உங்கள் ஆசிரியர் உங்கள் அப்பாவையே அன்றைக்கு ஆசிரியராக்கிவிட்டார். இது எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருக்கிறது.

ஆகவே நேரில் போங்கள். அந்த நிகழ்ச்சி அவருக்கு நினைவில்லாமல் இருக்கலாம். அதற்காக மனம் வருந்தாமல், நூல் எவ்வளவு கூடியது என்பது உட்பட முழுவதும் சொல்லுங்கள். உடன் படித்தவர்களில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இருந்தால், அவர்களில் இருவரையாவது அழைத்துச் செல்லுங்கள். அப்பா நலமாக இருந்தால் அவரும் வரட்டும்.

மறுமொழி 3: வைகைக்கரை

நான் சற்று மாறுபடுகிறேன். ஆசிரியர் என்றாலே கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஏழாம் வகுப்பில் ஒருவர் என்னைப் பிரம்பால் அடித்ததில் இடது கைச் சுண்டுவிரல் இன்றும் முழுதாக மடங்காது. அடிப்பதைத் தடை செய்யும் பிரிவு 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது; நான் படித்த காலத்தில் அடிக்கிறவர்தான் "நல்ல வாத்தியார்". அந்த மனிதருக்கும் ஒரு விழா நடந்தது, எனக்கும் அழைப்பு வந்தது, நான் போகவில்லை. இதை எழுதுவது உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க அன்று. எல்லாருக்கும் ஒரே பொன்னாடை, ஒரே வாழ்த்துரை என்று போர்த்துவதால்தான் உங்கள் ஆசிரியரைப் போன்றவர் செய்தது தனியாகத் தெரியாமல் போகிறது. அவர் விழாவை மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சேர்த்த பணத்தைப் பற்றி: நீங்கள் படித்த பள்ளிக்கே கொடுத்துவிடுங்கள். கொடுப்பதையும் முறையாகக் கொடுங்கள். தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கலந்து, என்ன தேவை என்று கேட்டுச் செய்யுங்கள். 2022-இல் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் வழியாகவும் முன்னாள் மாணவர்கள் நிதி அளிக்கலாம். நாமாக முடிவு செய்து மின்விசிறி வாங்கிக் கொடுத்து, இறக்கையில் மூன்று பக்கமும் பெயர் எழுதி வைப்பது வேண்டாம். எங்கள் பள்ளியில் அப்படி ஒன்று இருக்கிறது. ஓடும்போது பெயர் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மறுமொழி 4: மேலூர்க்காரன்

மறுமொழி எழுதிய மூவருக்கும் நன்றி. திருமங்கலம் அம்மையாரின் மறுமொழியைப் படித்த அன்றே தொலைபேசியில் பேசிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருநகர் சென்று வந்தோம். நான், அப்பா, எங்கள் வகுப்பில் பத்தாவதோடு நின்று இப்போது மேலூர் பேருந்து நிலையம் அருகே தேநீர்க் கடை வைத்திருக்கும் நண்பன் ஆகிய மூவர் மட்டும். அவன் வர மறுத்தான்; "கடையை யார் பார்ப்பது?" என்பது அவன் சொன்ன காரணம். தலைமையாசிரியை அம்மா எழுதியதைக் கைப்பேசியில் காட்டினேன். படித்துவிட்டுக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தான்.

அம்மா சொன்னது சரிதான்; ஆசிரியருக்கு அந்த நிகழ்ச்சி நினைவில் இல்லை. நான் சொல்லச் சொல்ல, தமக்கு வேண்டிய யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் நண்பனைப் பார்த்ததும், "நீ பெருக்கலில் கடன் வாங்குகிறவன் ஆச்சே" என்றார்! கழித்தலில் கடன் வாங்குவதைப் பெருக்கலிலும் செய்து 29 ஆண்டுகளுக்கு முன்னால் அடி வாங்காமல் தப்பித்தவன் அவன். இப்போது கடையில் யாருக்கும் கடன் இல்லை என்று பலகை வைத்திருப்பதாக அவன் சொல்ல, அவர் இருமல் வரும் வரை சிரித்தார். அவன் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், கடை வாடகை எவ்வளவு, பாலுக்கு எவ்வளவு ஆகிறது என்று அரை மணி நேரம் அவனிடம்தான் பேசினார். என்னிடம் கேட்டது இரண்டே கேள்விகள்.

பணத்தைப் பற்றிச் சொன்னோம். பள்ளியில் வடிவியல் கருவிப் பெட்டி இல்லாத பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுங்கள், மிச்சத்தைத் தலைமையாசிரியர் முடிவுக்கு விடுங்கள், என் பெயர் எங்கும் வரக் கூடாது என்றார். குழுவில் இரண்டு பேருக்கு மண்டபம் போன வருத்தம் இன்னும் இருக்கிறது.

அப்பா உள்ளே வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. விடைபெற்று வாசலுக்கு வந்தபோது சுற்றுச்சுவரின் அருகே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "சார், யார் கட்டியது இது? தூக்குக்குண்டு போடவே இல்லை. ஒரு அங்குலம் வெளியே சாய்ந்திருக்கிறது" என்றார். ஆசிரியர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கி வந்து, அப்பா நின்ற இடத்தில் நின்று, அவரைப் போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எங்கே, எனக்குத் தெரியவில்லையே, காட்டுங்கள்" என்றார்.

வரும் வெள்ளிக்கிழமை தூக்குக்குண்டோடு மறுபடி போக வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.