சின்ன காலேஜ்ல ரெஸ்லிங்: பெடியளுக்கும் பொம்பிளைப் பிள்ளையளுக்கும் ஒண்டாத் தொடங்கலாமோ?

உவர்மலைப்_பெடியன்:
வணக்கம். திருகோணமலையில ஒரு சின்ன காலேஜ், ஸ்போர்ட்ஸ் பொறுப்பு என்ர தலையில விழுந்திட்டுது. பெடியள் ரெஸ்லிங் வேணும் எண்டு நிக்கினம், இப்ப பிள்ளையளும் கேக்கினம். இருக்கிறது ஒரு ஹோல், அதுவும் பட்மின்டன்காரரோட பங்கு, மெட் வாங்கக் காசில்ல. முதல்ல பெடியளுக்குச் செய்வம், பிள்ளையளுக்குப் பிறகு பாப்பம் எண்டு மேலிடம் சொல்லுது, "பிறகு" எண்டா எப்ப எண்டு எங்களுக்குத் தெரியாதே 😅 அமெரிக்கன் காலேஜ் வீடியோ பார்த்துப் பழக்கலாமோ?

கோட்டையடி77:
வீடியோவில கவனம் தம்பி. அங்க காலேஜ் பெடியள் செய்யிறது ஃபோக்ஸ்டைல், ஆளைக் கீழ அமத்தி வச்சிருக்கிறதுக்கே ஒரு பொயின்ட் எடுக்கலாம், கீழ கிடக்கிறவன் தப்பி எழும்பினா அவனுக்கும் ஒண்டு. ஒலிம்பிக்கில இருக்கிற ஃப்ரீஸ்டைல்ல இந்த ரெண்டும் இல்ல, மற்றவன்ர முதுகை மெட்டுக்குத் திருப்பினா 2. ஃபோக்ஸ்டைல் பழகினவன் தன்ர முதுகில உருண்டு பொயின்டை அள்ளிக் குடுத்திட்டு வருவான். அங்கயே காலேஜ் பிள்ளையள் விளையாடுறது ஃப்ரீஸ்டைல்தான், அந்த வீடியோவைப் போட்டு ரெண்டு பகுதியையும் பழக்குங்கோ. இடுப்புக்குக் கீழ பிடிக்கக் கூடாத கிரேக்கோ ரோமன் ஸ்டைல் வேண்டாம், ஒலிம்பிக்கில அது ஆம்பிளையளுக்கு மட்டும்.

நிலாவெளி_அக்கா:
பிள்ளையளைப் பிறகு எண்டு தள்ளினா அது நடக்காது, பெடியள் ஹோலை எடுத்திடுவாங்கள். 2004 ஏதென்ஸ்ல இருந்து பெண்கள் ஒலிம்பிக்கில ரெஸ்லிங் செய்யினம், 2022 பர்மிங்ஹாம் கொமன்வெல்த்தில எங்கட நாட்டு நெத்மி பொருதொட்டகே 57 கிலோ எடைப் பிரிவில வெண்கலம் எடுத்தவ, மேலிடத்துக்கு இதைச் சொல்லுங்கோ. பயிற்சிக்கு சிங்லட் எண்ட ஒட்டின ரெஸ்லிங் உடுப்பு தேவையில்ல, இறுக்கமான டீசேர்ட், ட்ரக் பொட்டம் காணும், வீட்டுக்காரரும் சம்மதிப்பினம். பழைய ஜூடோ மெட் கிடைச்சா நல்லம், கால்விரல் சிக்காம இடைவெளிக்கு டேப் அடிக்கோணும். ஒவ்வொரு நாளும் மெட்டைக் கழுவுங்கோ, எங்கட புழுக்கத்துக்கு படர்தாமரை ஒருத்தருக்கு வந்தா முழு டீமுக்கும் வரும்.

டச்பே_மச்சான்:
மெட் மெட் எண்டு ஏன் நிக்கிறீங்க, உப்புவெளியில மணல் கிடக்குதே! பீச் ரெஸ்லிங் எண்டு உலக சங்கமே நடத்துது, ஆண்கள் பெண்கள் ரெண்டும் இருக்கு. 7 மீட்டர் வட்டம், 3 நிமிசம், முதல்ல 3 பொயின்ட் எடுத்தவர் வெற்றி. வட்டத்துக்கு வெளியில தள்ளினா 1, கீழ விழுத்தினா 1, நேர முதுகில விழுத்தினா 3, கதை முடிஞ்சுது. எல்லாம் நிண்டு செய்யிறதால புதுசா வாற ஆக்களுக்குச் சுகம். மணலை முதல்ல அரிச்சு எடுங்கோ, போத்தல் உடைசல், சிப்பி, மீன் தூண்டில் முள்ளு எல்லாம் வரும். வடகீழ் பருவக்காத்து நேரம் வேண்டாம், ஏப்ரலுக்குப் பிறகு விடியக்காலமை.

கோட்டையடி77:
மச்சான் சொன்னது நல்ல ஐடியா. இன்னொண்டு, உடம்பைக் காய வச்சு எடை குறைக்க விடாதீங்கோ. 1997ல அமெரிக்காவில மூண்டு காலேஜ் பெடியள் அப்பிடி எடை குறைக்கேக்க செத்தவை, அதுக்குப் பிறகுதான் சோனா, ரப்பர் சூட் எல்லாம் தடை. 2024 பாரிஸ்ல இந்திய ரெஸ்லர் வினேஷ் போகட் 100 கிராம் கூடி பைனல்ல விளையாடேலாமப் போனதும் தெரியும்தானே. இருக்கிற எடையிலயே நிக்கட்டும், முதல் வருசம் மெடல் ஆருக்கு வேணும்?

உவர்மலைப்_பெடியன்:
பீச்சில தொடங்கிறம், ரெண்டு பகுதியும் ஒரே நாள்ல. அக்கா, ஜூடோ மெட் எங்க கிடைக்கும் எண்டு தெரிஞ்சா இன்பொக்ஸ்ல போடுங்கோ. மச்சான், மணல் அரிக்க வாறியளோ?