வெயிலில் காயவைத்த கவச அங்கி

மூதூர் கிழக்கில் மிதிவெடி அகற்றும் வேலையில் நான்கு வருசம் நின்றேன். முழந்தாளில் இருந்துதான் வேலை. பத்து மணிக்குள் அங்கி வியர்வையில் ஊறிவிடும். முடிந்ததும் கச்சான் காற்றும் வெயிலும் நல்லாப் படட்டும் என்று கம்பி வேலியில் விரித்துப் போடுவோம். வீட்டில் உடுப்பைப் பேணுகிற மாதிரித்தான் பேணினோம்.

ஒருநாள் பொறுப்பாக இருந்த அண்ணை, கழித்துவைத்த அங்கி ஒன்றைத் தையல் பிரித்துக் காட்டினார். வெளியுறை தோளில் கொஞ்சம் நைந்திருந்தது, மற்றப்படி புதுசு மாதிரி. உள்ளே கெவ்லார் என்ற, சிதறலைத் தடுக்கும் இழைத்துணி அடுக்குகளை மூடியிருந்த நீர்புகாப் பையும் அதே தோளில் கிழிந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் துணி காய்ந்த பனையோலை நிறத்துக்கு வந்திருந்தது. "நூலை இழுத்துப் பார் பிள்ளை" என்றார். மஞ்சள் பக்கத்து நூல் விரலை அறுக்கப் பார்த்தது. பழுப்புப் பக்கம் பஞ்சு பஞ்சாகக் கையோடு வந்தது. என் நெஞ்சு திக்கென்றது. அதே வேலியில் என்னுடையதும் கிடந்தது.

கெவ்லாருக்கு வெயிலின் புறஊதாக் கதிர் ஆகாது. நனைந்தால் இழைகள் வழுக்கி, வெடிச் சிதறலுக்கு வழிவிடும். காய்ந்தால் அந்தப் பலம் பெரும்பாலும் திரும்பும். வெயில் தின்றது திரும்பவே திரும்பாது. பிளீச்சும் கூடாது, ஒரே இடத்தில் மடிப்பதும் கூடாது.

கிண்ணியாவிலிருந்து ஒருவர் எழுதினார்: முகக்கவசத்தையும் சொல்லுங்கள் அக்கா. 5 மில்லிமீற்றர் பொலிகார்பனேற், கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். அதில் ஒட்டிய மரப்பாலை நான் பெற்றோல் தொட்டுத் துடைத்தேன். விளிம்பில் தலைமயிர் அளவு வெடிப்புகள் ஓடின. அதைப் போட்டுக்கொண்டு யாரும் குனிய வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

உப்புவெளியிலிருந்து இன்னொருவர்: அங்கிக்குள் வைக்கும் தகடு பொலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் என்றால் தண்ணீருக்குப் பயமில்லை, சூட்டுக்குத்தான் பயம். மூடிய வானுக்குள் மத்தியானம் விட்டுவைக்காதீர்கள். செரமிக் தகடு கைதவறி விழுந்தால் வெடிப்பு உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சைலொன் என்ற இழையை எல்லாரும் பெரிதாய்ப் புகழ்ந்தார்கள். 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு வருடம்கூட ஆகாத சைலொன் அங்கியைத் துளைத்துக்கொண்டு குண்டு பொலிஸ்காரர் உடம்பில் பாய்ந்தது. ஈரமும் வெளிச்சமும் அந்த இழையைக் கெடுக்கும். 2005இல் அங்கே அதற்கான அங்கீகாரத்தை எடுத்துவிட்டார்கள். மாரியில் நனைந்து கச்சானில் வேகும் நம்ம ஊரில் இதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு தம்பி கேட்டார்: அக்கா, அப்போ 5 வருசம் என்று அங்கியின் லேபலில் இருப்பது?

மீண்டும் நான்: அது பெரும்பாலும் செய்தவர் தரும் உத்தரவாதக் காலம், தம்பி. சொன்னபடி பேணினால்தான் அந்தக் கணக்கு. எங்கள் அங்கிகளில் அந்த லேபலே வியர்வையில் அழிந்து கிடந்தது. அன்றைக்கே கிடுகுக் கொட்டிலுக்குள் பலகை அடித்து, அங்கிகளைத் தட்டையாகப் பரப்பினோம். ஒவ்வொன்றின் திகதியையும் கொப்பியில் எழுதிவைத்தோம். என்னுடைய அங்கியை அண்ணை திருப்பித் தரவில்லை.