டெல்பி முறையில் கணிப்பு எப்படி மேம்படுகிறது?

கேள்வி:
எதிர்காலவியல் படிக்கும் மாணவி நான். டெல்பி முறையில் வல்லுநர்கள் தங்களுக்குள் முகமறியாமல் பல சுற்றுகளாகப் பதிலளிப்பதால் மட்டும் கணிப்பு எவ்வாறு மேம்படும் என்பது எனக்கு விளங்கவில்லை. விளக்க இயலுமா?

மறுமொழி 1:
1950களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் ஓலாஃப் ஹெல்மர், நார்மன் டால்கி முதலியோர் இம்முறையை உருவாக்கியபோது, நேர்க்கூட்டங்களில் பெரியவர் ஒருவரின் குரலுக்கு மற்றவர்கள் இணங்கிவிடுவதைத் தவிர்க்கவே விரும்பினார்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் விடைகளின் இடைநிலை மதிப்பும், விலகி நிற்பவர்கள் கூறும் காரணங்களும் அனைவருக்கும் அனுப்பப்படுவதால், எவரும் தயக்கமின்றித் தம் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்தக் காரணங்களே இம்முறையின் உயிர் என்பேன். எண்ணை மட்டும் அனுப்பினால் பெரும்பான்மையோடு ஒத்துப்போவதுதான் மிஞ்சும்.

மறுமொழி 2:
இருப்பினும் ஒருமித்த கருத்து உண்மையாகிவிடாது. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் குழுவினர் 1970களின் தொடக்கத்தில் ஒற்றைக் கணிப்பைத் தேடாமல், எண்ணெய் உற்பத்தி நாடுகள் விலையை உயர்த்தும் நிலை உட்படப் பல எதிர்காலக் காட்சிகளை (எதிர்காலம் எப்படியெல்லாம் அமையலாம் என்னும் விவரிப்புகளை) மேலாளர்கள் முன் வைத்தனர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அது அவர்கள் முன்பே எண்ணிப்பார்த்த நிலையாக இருந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், டெல்பியில் விலகி நின்ற கருத்துகளைக் காட்சிகளுக்கு விதையாகக் கொள்ளலாமா?

மறுமொழி 2:
தாராளமாக. அவற்றைச் சராசரியில் கரைத்துவிடாமல் தனியே குறித்து வையுங்கள்.