‘பார்ட்னர் வயலன்ஸ் ஸ்கிரீனிங்’: சலிப்பதா, கேட்பதா?

குழுவினருக்கு வணக்கம்.

எச்.ஐ.வி. ஆலோசகர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதும்போது ‘இன்டிமேட் பார்ட்னர் வயலன்ஸ் ஸ்கிரீனிங்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். கணவரோ கூட வாழ்பவரோ வன்முறை செய்கிறாரா என்று கண்டறிவதுதான் அது. அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டதற்கு முழுத் தொடராக வந்தவை மூன்று: நெருங்கிய துணைவர் வன்முறைச் சலிப்பாய்வு, வாழ்க்கைத்துணை வன்முறை வடிகட்டல், குடும்ப வன்முறைப் பரிசோதனை.

பின்பாதியை, அதாவது ‘ஸ்கிரீனிங்’கை, முதலில் பார்த்துவிடுகிறேன். சலிப்பதும் புடைப்பதும் நெல் விளைகிற நம் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த வேலைதான். ஆனால் சலித்தால் ஏதோ ஒன்று குப்பைக்குப் போகும். எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகவே தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணை இன்னொரு தடவை சல்லடையில் போடும் சொல் வேண்டாம். தவிர, ‘சலிப்பாய்வு’ என்றதும் எனக்குச் சலிப்புதான் வருகிறது. ‘பரிசோதனை’ இன்னும் மோசம். எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள், ரத்தம் எடுப்பது. “வன்முறைப் பரிசோதனை செய்யணும்மா” என்றால் அவர் கையை நீட்டிவிடுவார்.

உண்மையில் அங்கே நடப்பது என்ன? ஊசியும் கிடையாது, கருவியும் கிடையாது. 1998-இல் வெளியான ‘ஹிட்ஸ்’ என்ற கேள்வித்தாளில் நாலே கேள்விகள்: அடிக்கிறாரா, இழிவாகப் பேசுகிறாரா, மிரட்டுகிறாரா, கத்தித் திட்டுகிறாரா. எவ்வளவு அடிக்கடி என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 10-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2013-இல் தந்த வழிகாட்டுதலோ, வருகிற எல்லாப் பெண்களிடமும் கடமைக்குக் கேட்க வேண்டாம் என்றது. அறிகுறி தெரிந்தால் கேளுங்கள், அதுவும் தனியறையும் பயிற்சியும், அடுத்து எங்கே அனுப்புவது என்ற ஏற்பாடும் இருந்தால். ஆக, இந்த வேலையின் உயிர் கேட்பதில் இருக்கிறது. ‘விசாரணை’ என்றால் காவல் நிலைய வாடை அடிக்கிறது (நலம் விசாரிப்பது மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது). நான் முன்வைப்பது ‘கேட்டறிதல்’. அமைச்சர்கள் குறைகளைக் கேட்டறிந்து கேட்டறிந்து தேய்ந்துபோன சொல்தான், தெரியும். ஆனாலும் முதலில் காது, பிறகு அறிவு என்ற வரிசை அதில் இருக்கிறது.

முன்பாதியான ‘பார்ட்னர் வயலன்ஸ்’தான் சிக்கல். ‘குடும்ப வன்முறை’ 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிற சொல். அது அகலமானது. மகன் இறந்ததும் மருமகளை வெளியே அனுப்பும் மாமியாரும் அதில் அடக்கம். கையேடு பேசுவது அந்த மாமியாரைப் பற்றி அல்ல. ‘வாழ்க்கைத்துணை’ என்றாலோ தாலி வந்துவிடுகிறது. தாலி கட்டாமல் கூட இருப்பவரும் அடிக்கிறாரே!

‘பார்ட்னர்’ என்பதற்கு மட்டும் திருவாரூர் ஐயா எழுதிய ‘அணுக்கர்’ என்னை இரண்டு நாள் மயக்கி வைத்திருந்தது. திருவாரூர்க் கோயில் கல்வெட்டு பரவை நங்கையை ராஜேந்திர சோழனின் ‘அணுக்கியார்’ என்கிறது. நெருக்கத்தை மட்டுமே சொல்லும் சொல். ஆனால் ஒரு ஆலோசகரிடம் சொல்லிப் பார்த்தேன். “அணுமின் நிலையம் சம்பந்தமா சார்?” என்றார். சரி, கல்வெட்டிலேயே இருக்கட்டும்.

‘இணையர்’ எனக்குப் பிடித்திருக்கிறது. சுயமரியாதைத் திருமண அழைப்பிதழ்கள் வழியாக நம் மாவட்டங்களில் பழகிய சொல். இன்னொரு காரணமும் உண்டு. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் பார்ட்னரிடம் தொற்றைத் தெரிவிப்பதைப் பற்றிப் பேசும் இடத்தில், சொன்னால் வன்முறையோ கைவிடலோ நேரும் என்று அஞ்ச நியாயம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், தெரிவிக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் தெரிவிப்பதற்கு முன்பே கேட்டறிந்திருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே ஆள். ஒரே சொல்லாக இருப்பது நல்லது.

ஆகவே: இணையர் வன்முறை கேட்டறிதல்.

---

மன்னார்குடியிலிருந்து மறுமொழி:

தம்பி, உங்கள் சொல்லை வார்டில் இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருத்தி ‘இணைய வன்முறை’ என்று படித்துவிட்டு, ஃபேஸ்புக்கில் படம் போட்டு மிரட்டுவதா என்று கேட்டாள். அப்புறம், புத்தகத்தில் எதை வேண்டுமானாலும் அச்சடியுங்கள். அந்தப் பெண்ணிடம் நாங்கள் கேட்கப்போவது, “வீட்டுக்காரரு, இல்ல கூட இருக்கறவரு, கை நீட்டுறது உண்டாம்மா?” என்றுதான். கூட வந்தவரை டீ குடிக்க அனுப்பிய பிறகு. மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பவள் ‘இணையர்’ என்றால் பதில் சொல்வாளா?

---

அக்கா, இணையம் என் கண்ணில் படவே இல்லை. ‘இணையரின் வன்முறையைக் கேட்டறிதல்’ என்று வேற்றுமை உருபை விரித்துவிட்டால் அந்தத் தடுமாற்றம் போய்விடும். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. தலைப்பில் இது, உள்ளே கேள்வியாக உங்கள் வாக்கியம் அப்படியே, ‘டீ குடிக்க அனுப்பிய பிறகு’ உட்பட. யாருக்கும் மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை கையேடு அச்சகத்துக்குப் போகிறது.